பன்னிரண்டு மணி நேரக் காவல்

இரவு இரண்டு மணிக்கு மேல் விழுப்புரம்–மயிலாடுதுறை பாதையில் ஒரு ரயில்வே கேட் எப்படி இருக்கும் என்பது, பகலில் அதே கேட்டில் பைக்கை நிறுத்திவிட்டு எரிச்சலோடு காத்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு சிறிய அறை, மேசை, போன், பிரைவேட் நம்பர் குறித்துக்கொள்ளும் நோட்டு, சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, கைவிளக்கு. வெளியே வயல், தவளைச் சத்தம். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிட்டு வண்டி வருகிறது என்பார். கேட்டை மூட வேண்டும். மூடிவிட்டதற்கு உறுதியாக ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். உழவனோ ராமேசுவரம் எக்ஸ்பிரஸோ கடந்து போனதும் திறக்க வேண்டும். அடுத்த போன் வரும்வரை வேலை இல்லை.

வேலை இல்லை என்பது சட்டத்தின் கருத்து. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 130ஆவது பிரிவு ரயில்வே ஊழியர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. கடும் கவனம் தேவைப்படும் வேலை, தொடர்ச்சியான வேலை, விட்டுவிட்டு வரும் வேலை, கணக்கில் வராத வேலை. பன்னிரண்டு மணி நேரப் பணியில் பாதியோ அதற்கு மேலோ சும்மா இருக்கும் நேரம் என்றால் அது மூன்றாவது வகை. சும்மா இருப்பது என்றால் என்ன என்பதையும் சட்டமே சொல்கிறது: உடலுழைப்பும் தேவையில்லை, இடைவிடாத கவனமும் தேவையில்லை. பெரும்பாலான கேட் கீப்பர்கள் இந்த வகைக்குள் வருகிறார்கள். 2005ஆம் ஆண்டு விதிகள் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று ஆரம்பித்து, 'சி' வகுப்பு கேட் கீப்பர்களுக்கு அதற்கு மேல் 24 மணி நேரத்தைச் சேர்க்கின்றன. ஆக 72. ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு.

இந்தச் சட்டப்பிரிவை எழுதியவர்கள் யாரும் ராத்திரி மூன்று மணிக்கு ஒரு கேட் அறையில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. போன் எப்போது அடிக்கும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவனுக்குக் கவனம் தேவையில்லை என்று எப்படிச் சொல்வது? தொடர்ந்து வேலை இருந்தால் தூக்கம் தானே விலகி நிற்கும். ஒன்றும் நடக்காத நாற்பது நிமிடத்துக்குப் பிறகு சரியாக ஒரு நிமிடத்துக்குள் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்பதுதான் உடம்பால் தாங்க முடியாதது.

கடலூர் மாவட்டத்தில் ரயில்வே கேட் என்றால் 2025 ஜூலை 8ஆம் தேதியைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. அன்று காலை ஏழே முக்கால் மணி வாக்கில், கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே செம்மங்குப்பத்தில் 170ஆம் எண் கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது இன்டர்லாக் செய்யப்படாத கேட். அதாவது கேட் திறந்திருந்தாலும் சிக்னல் பச்சை காட்டுவதைத் தடுக்கும் இணைப்பு அப்போது அங்கே இல்லை. ஒரு மனிதனின் வார்த்தையை நம்பி ரயில் ஓடிக்கொண்டிருந்தது. கேட் கீப்பர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், கைது செய்யப்பட்டார். அங்கே சோர்வுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வழக்கின் பொறுப்பு அதற்குரிய இடத்தில் முடிவாகட்டும். நான் பார்க்க விரும்புவது, அதற்குப் பிறகு நாம் எதைப் பேசினோம், எதைப் பேசாமல் விட்டோம் என்பதை.

கேட் கீப்பருக்குத் தமிழ் தெரியுமா என்று பேசினோம். வேன் டிரைவர் அவசரப்படுத்தினாரா என்று பேசினோம். சுரங்கப்பாதை ஏன் வரவில்லை என்று ரயில்வேயும் மாவட்ட நிர்வாகமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. ரயில்வே அமைச்சர் எல்லா கேட்களிலும் சிசிடிவி பொருத்த உத்தரவிட்டார். இன்டர்லாக் செய்வதற்கான போக்குவரத்து அளவுகோலைப் பத்தாயிரம் அலகிலிருந்து ஆறாயிரமாகக் குறைத்தார். கேட் கீப்பர்–ஸ்டேஷன் மாஸ்டர் பேச்சுப் பதிவுகளைத் தினமும் சோதிக்கச் சொன்னார். அளவுகோல் குறைந்தது நல்ல முடிவு. அது பல உயிர்களைக் காக்கும். அதே வாரத்தில் அரக்கோணம் பக்கம் இரவுச் சோதனையில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு கேட் கீப்பர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாகச் செய்தி வந்தது. அவர்கள் ஏன் தூங்கினார்கள் என்று கேட்ட செய்தி எதுவும் என் கண்ணில் படவில்லை. தொழிற்சங்கங்கள் மட்டும் தம் பழைய கோரிக்கையை மறுபடி எடுத்து வைத்தன: எட்டு மணி நேர ரோஸ்டர் கொடுங்கள்.

அந்தக் கோரிக்கையைக் கொஞ்சம் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 72 மணி நேரம் பார்த்தால் ஒரு கேட்டுக்கு 2.33 ஆள் தேவை. இரண்டு பேர் நிரந்தரமாக, அவர்கள் ஓய்வு நாளில் வந்து நிற்க மூன்று கேட்டுக்கு ஒரு 'ரெஸ்ட் கிவர்'. ஒருவர் வாரம் 48 மணி நேரம் என்றால் 3.5 ஆள். லீவு, பயிற்சி, மருத்துவ விடுப்பு எல்லாவற்றையும் சேர்த்தால் இரண்டு எண்ணும் இன்னும் கூடும். வித்தியாசம் சரியாகப் பாதி: இன்று நூறு பேர் இருக்கும் இடத்தில் நூற்றைம்பது பேர் வேண்டும். எட்டு மணி நேரத்தைப் பற்றிய தத்துவ விவாதங்களுக்கெல்லாம் அடியில் கிடப்பது இந்த ஐம்பது பேர்தான். ரோஸ்டர் என்பது சுவரில் ஒட்டும் ஒரு தாள் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் எழுதப் பெயர்கள் இருக்க வேண்டும்.

பெயர்கள் குறைந்தால் என்ன ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. முதலில் காணாமல் போவது ரெஸ்ட் கிவர். காலியிடத்தை நிரப்ப அவரை நிரந்தரமாக ஒரு கேட்டில் போட்டுவிடுவார்கள். பிறகு ஓய்வு நாள் தள்ளிப்போகும். விட்டுவிட்டு வரும் வேலை என்ற வகைக்குச் சட்டம் தருவதே வாரத்துக்கு ஒரு முழு இரவு அடங்கிய 24 மணி நேரம். 'தொடர்ச்சியான வேலை' என்ற வகையில் இருப்பவருக்கு அது 30 மணி நேரம். அந்த 24ஐயும் தள்ளிப்போட்டால், அடுத்து ஆள் வராத அன்றைக்கு 'நீயே பார்த்துக்கோப்பா' என்று ஒரு போன் வரும்.

இப்போது உடம்பின் கணக்கு. ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சிறிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் மூளையும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போல இயங்குகின்றன. 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் குடித்துவிட்டு ஓட்டிய குற்றத்துக்கான வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03. காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப எழுந்து, பகலில் கண்ணயர முடியாமல், இரவு எட்டு மணிக்குக் கேட்டுக்கு வரும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு மணிக்கே அவர் 17 மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறார். அதிகாலை மூன்று மணிக்கு 21. உடம்பு வெப்பம் குறைந்து, எவ்வளவு தூங்கியவனுக்கும் கண் செருகும் நேரம் அது. லோகோ பைலட் டூட்டிக்குக் கையெழுத்துப் போடும்போது குழாயில் ஊதிக் காட்டச் சொல்கிறோம். தூக்கத்துக்கு அப்படி ஒரு குழாய் இல்லை. அதனால்தான் அதை அட்டவணையிலேயே பிடிக்க வேண்டியிருக்கிறது.

பகலில் தூங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று சொல்பவர்கள் மே மாதத்தில் கடலூர்க் கடற்கரையோரத்தில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் மதியம் பன்னிரண்டு மணிக்குப் படுத்துப் பார்க்கலாம். கரண்ட் போனால் இன்னும் விசேஷம். தெருவில் கோயில் மைக், வீட்டில் சமையல், 'அப்பா தூங்குறாங்கடா' என்று அடக்கியும் அடங்காத பிள்ளைகள். பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிட நீளத்திலும் ஆழத்திலும் குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. அது நல்ல அறையில் படுத்தவர்களைப் பற்றிய செய்தி.

கேட் கீப்பர் மட்டும்தானா? காட்டுமன்னார்கோயிலிலிருந்து குமராட்சி வழியாகச் சிதம்பரம் போகும் பேருந்தில் ஏறி டிக்கெட் வாங்கும்போது கண்டக்டரின் முகத்தைப் பாருங்கள். "என்னண்ணே, இன்னிக்கும் டபுளா?" என்ற கேள்வி தமிழ்நாட்டில் எந்த டிப்போவிலும் புதிதில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கென்று 1961இல் வந்த சட்டம், இன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டாலும், அந்தக் காலத்திலேயே நல்ல புத்தியோடு எழுதப்பட்டது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேர இடைவேளை. இரண்டு பணிகளுக்கு நடுவே தொடர்ச்சியாக ஒன்பது மணி நேர ஓய்வு. விதி இருந்தது. விதியை நிறைவேற்ற ஸ்பேர் டிரைவர் வேண்டும். மறுபடியும் அதே 3.5.

இங்கே ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லிவிட வேண்டும். டபுள் டூட்டியைத் தொழிலாளியே கேட்டு வாங்குவதும் உண்டு. இரண்டு நாள் வேலையைச் சேர்த்துப் பார்த்துவிட்டால் அடுத்த நாள் நடவுக்கோ அறுவடைக்கோ சொந்த வயலில் நிற்கலாம். ஓவர்டைம் காசு பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு உதவும். கேட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி வீடு வைத்திருப்பவருக்கு, எட்டு மணி நேர ரோஸ்டரில் இரவு பத்து மணிக்கோ அதிகாலை ஆறு மணிக்கோ ஆள் மாறப் போய்வருவதைவிடப் பன்னிரண்டு மணி நேரமே வசதி. சங்கம் எட்டு மணி நேரம் கேட்கும்போது உறுப்பினர்களில் சிலர் உள்ளூர முணுமுணுப்பது இதனால்தான். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கினால் எந்த ரோஸ்டரும் நிற்காது. கேட் அருகிலேயே குடியிருப்பு, ஆள் மாறும் நேரத்துக்கு ஏற்ற பஸ், அடிப்படைச் சம்பளத்திலேயே குடும்பம் நடத்த முடிவது ஆகிய மூன்றும் இல்லாமல் எட்டு மணி நேரம் என்பது தாளில்தான் எட்டாக இருக்கும்.

வெள்ளக் காலத்துச் சோர்வு வேறு மாதிரி. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் கொள்ளிடம் கரைபுரண்டபோது, குமராட்சிப் பக்கம் வருவாய்த் துறைக்காரர்களும் நீர்வளத் துறையின் லஸ்கர்களும் கரையிலேயே கிடந்தார்கள். அதை யாரும் ரோஸ்டர் போட்டுச் செய்யவில்லை, செய்யவும் முடியாது. பத்து நாள் விழித்தவனுக்குப் பதினோராம் நாள் தூங்கலாம் என்ற நம்பிக்கை இருக்கும். கேட் அறையில் உட்காருபவருக்குப் பதினோராம் நாளும் அதே இரவுதான். அதனால் அவசரக் காலத்து உழைப்பைக் காட்டி நிரந்தரச் சோர்வை நியாயப்படுத்தும் அதிகாரிகளிடம் எனக்குப் பொறுமை குறைவு.

இதே ரயில்வேயில் ஒருமுறை கடிகாரம் திருத்தப்பட்டிருக்கிறது. எழுபதுகளின் தொடக்கம் வரை நீராவி எஞ்சின் டிரைவரும் ஃபயர்மேனும் கரி முன்னால் நின்றபடி பதினான்கு மணி நேரத்தையும் தாண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1973 ஆகஸ்டில் லோகோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கையெழுத்துப் போட்டு ஏறியதிலிருந்து இறங்குவது வரை பத்து மணி நேரம் என்று அன்றைய ரயில்வே அமைச்சர் எல்.என். மிஸ்ரா ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் நடந்த மாபெரும் ரயில்வே வேலைநிறுத்தத்துக்கும் எட்டு மணி நேர வேலை ஒரு முக்கியக் கோரிக்கை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2024 ஜூனில், தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்டுகள் மறுபடி போராடினார்கள். வார ஓய்வாக 30 மணி நேரத்தோடு பணி முடிந்தபின் தரும் 16 மணி நேரத்தையும் சேர்த்து 46 மணி நேரம் கொடுங்கள், தொடர்ச்சியாக இரண்டு இரவுக்கு மேல் போடாதீர்கள் என்றார்கள். ஒரு தலைமுறை முன்னால் மணியைக் கேட்டவர்கள், இப்போது இரவுகளை எண்ணிக் கேட்கிறார்கள். சோர்வைப் பற்றிய அறிவு வளர்ந்திருப்பதன் அடையாளம் இது. நிர்வாகம் அதே வேகத்தில் வளரவில்லை.

விதி வந்து ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025 டிசம்பரில் நாடே விமான நிலையங்களில் படுத்துப் பார்த்தது. விமானிகளின் சோர்வைக் குறைக்க விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியிலேயே புதிய விதிகளை அறிவித்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு அவகாசம். நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோ அதற்கேற்ற விமானிகளோடும் அட்டவணையோடும் தயாராக இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகின. கடைசியில் இறங்கி வந்தது விதிதான்: அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை தளர்வு கொடுத்தார்கள். பயணிகள் 'விமானிகளுக்கு இவ்வளவு ஓய்வு எதற்கு' என்று கோபப்பட்டதையும் பார்த்தோம். ஓய்வு அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றது. ஆள் எடுக்காமல் இருந்த முடிவு வெளியே நின்றது.

தமிழ்நாடு இதில் கொஞ்சம் பெருமைப்பட இடமிருக்கிறது. சிங்காரவேலர் 1923 மே 1 அன்று சென்னையில் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். நல்லதுதான். ஆனால் மசோதாவை எதிர்த்து நாம் கூடியபோது, சிதம்பரத்தின் ஏடிஎம் வாசல்களில் செக்யூரிட்டி சட்டையோடு நின்றிருந்தவர்கள் ஏற்கனவே பன்னிரண்டு மணி நேரத்தில்தான் இருந்தார்கள். ரயில்வே கேட்டிலும் அப்படியே. பன்னிரண்டு மணி நேரத்தைத் தொழிற்சாலைக்குள் விடமாட்டோம் என்று வாசலில் நின்றோம். அது வேறு வீடுகளில் வெகுகாலமாகக் குடியிருக்கிறது.

ஆள் கிடைத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சார்ட்டை எப்படிப் போடுவது என்பது ஒரு கலை. காலை ஷிப்ட்டிலிருந்து மதியம், மதியத்திலிருந்து இரவு என்று முன்னோக்கி நகர்த்தினால் உடம்பு எளிதில் ஒத்துப்போகும், ஏனென்றால் நம் உள் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுகிறது. தாமதமாகத் தூங்குவது அதற்குச் சுலபம், சீக்கிரம் தூங்குவது கஷ்டம். இரவிலிருந்து மதியம், மதியத்திலிருந்து காலை என்று பின்னோக்கிப் போட்டால் ஒவ்வொரு மாற்றத்திலும் தூக்கம் வெட்டுப்படும். நம் ஊரில் பல இடங்களில் பின்னோக்கித்தான் சுழற்றுகிறார்கள். அப்படிச் சுழற்றினால் இடையில் ஒரு நாள் லீவு கிடைத்த மாதிரித் தெரியும் என்பதால் தொழிலாளிக்கும் அது பிடித்திருக்கிறது. ஒரு வாரம் முழுக்க இரவு, அடுத்த வாரம் பகல் என்ற ஏற்பாடு உடம்பை இரவுக்குப் பழக விட்டு, பழகிய மறுநாளே பிடுங்கிக்கொள்கிறது. இரண்டு அல்லது மூன்று இரவோடு நிறுத்தி, அதன் பிறகு இரண்டு முழு இரவுகள் வீட்டில் தூங்க விடுவது மேல் என்பதே இன்று பலரும் ஏற்கும் கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் இரண்டு பணிகளுக்கு நடுவே 11 மணி நேர ஓய்வு கட்டாயம். அமெரிக்காவில் ரயில் ஓட்டுபவருக்கு 10 மணி நேரம், அதுவும் நிர்வாகம் போன் செய்து எழுப்பக் கூடாத 10 மணி நேரம். அந்தக் கடைசி நிபந்தனையைப் படித்தபோது நம் வாட்ஸாப் குழுக்கள் நினைவுக்கு வந்தன.

சார்ட் எப்போது ஒட்டப்படுகிறது என்பதும் முக்கியம். ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் திங்கள் காலை டூட்டியைச் சொன்னால் அந்த ஓய்வு ஓய்வாக இருக்காது. தூங்கப் போவதா, காத்திருப்பதா என்ற நிலை அது. ஒரு மாதம் முன்னால் தெரிந்தால் பிள்ளையின் காதணி விழாவுக்கு எந்த இரவை மாற்றிக்கொள்வது என்று அவர்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள். அந்த மாற்றல்கள் பெரும்பாலும் மேலதிகாரி போடும் சார்ட்டைவிடப் புத்திசாலித்தனமாக இருக்கும். அதோடு ஒன்று: 'ஐயா, இன்னிக்கு என்னால முடியாது, கண்ணு சொருகுது' என்று ஒருவர் சொன்னால் அவருக்கு மெமோ வரக் கூடாது. சொன்னால் மெமோ, சொல்லாமல் தூங்கினால் சஸ்பென்ஷன் என்ற ஏற்பாட்டில் எல்லோரும் சொல்லாமல் இருப்பதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். கேட்டில் வைக்கும் சிசிடிவி அந்தப் பயத்தை இரட்டிப்பாக்கும்.

மருத்துவமனைகளிலும் இதே கதை. இருப்பிடப் பயிற்சி மருத்துவர்களுக்குத் தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இல்லை, வாரத்துக்கு 48 என்று மத்திய அரசு 1992இலேயே நெறிமுறை வகுத்தது. முப்பத்தாறு மணி நேர டூட்டியை இன்றும் பயிற்சியின் ஒரு பகுதியாகப் பெருமையோடு சொல்லும் மூத்த மருத்துவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

விழுப்புரம்–மயிலாடுதுறை பாதைக்குத் திரும்பினால், செய்யக்கூடியது ஒன்று உடனடியாக இருக்கிறது. ஒரு கேட் 'விட்டுவிட்டு வரும் வேலை'யா 'தொடர்ச்சியான வேலை'யா என்பதை ரயில்வே ஜாப் அனாலிசிஸ் செய்து முடிவுசெய்கிறது. தொடர்ச்சியாக 72 மணி நேரத்துக்கு எத்தனை வண்டி, எத்தனை நிமிடம் வேலை, எத்தனை நிமிடம் சும்மா என்று கணக்கெடுக்கிறார்கள். இந்தப் பாதை 2010இல் அகலப்பாதையாகி, பிறகு மின்மயமாகியிருக்கிறது. வண்டிகள் கூடியிருக்கின்றன, சாலையில் பைக்கும் காரும் பள்ளி வேனும் அதைவிட வேகமாகக் கூடியிருக்கின்றன. வகைப்படுத்தல் தவறு என்று நினைக்கும் ஊழியர் மண்டலத் தொழிலாளர் ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய 2005 விதிகளே வழி வைத்திருக்கின்றன. சங்கங்கள் கேட் வாரியாக அந்த மனுக்களைப் போடட்டும். கணக்கெடுக்க வருபவர், கடலூருக்கும் வல்லம்படுகைக்கும் இடையே ஏதாவது ஒரு கேட்டில், அந்த 72 மணி நேரத்தின் மூன்று இரவுகளையும் கையில் நோட்டோடு உட்கார்ந்து எழுதட்டும். மூன்றாவது இரவில் மூன்று மணிக்கு மேல் அவர் எழுதிய வரிகள் கோணலாக இருந்தால், அதையும் அறிக்கையோடு இணைத்து அனுப்பலாம்.